நாற்பத்தொன்றாவது டியூப்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் பத்திரிகைத் தொழில் வழக்கப்படி உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமானவர்கள் வரிசையில் நாற்பத்தொன்றாவது டியூப், நோயாளிகளின் எண்ணைக் காட்டுகிறது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. மூன்று முறையும் அதே எண். ஆதாரம்: இயந்திரத்தின் திரை. மூன்று முறையும் பக்கத்தில் நின்றவள் நான்.

உனக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாக நூற்றிருபது பேரின் ரத்தத்தை மைனஸ் எண்பது டிகிரியில் வைத்திருக்கிறோம். அறுபது பேர் இதயத் தசை தளர்ந்த நோயாளிகள். மற்ற அறுபது பேர் ஒன்றுமில்லாதவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு நீளமான ஆர்.என்.ஏ. நாலு மடங்கு ஏறியிருக்கிறது. ஒன்றுமில்லாதவர்களிடம் ஏறவில்லை. ஒருவரைத் தவிர.

பேராசிரியர், "ஒரு புள்ளி எங்கயாவது தெறிச்சு நிக்கத்தான் செய்யும். அதுக்காக படத்தையே மாத்த முடியுமா?" என்கிறார். அவருக்குக் கட்டுரையை ஏப்ரலுக்குள் அனுப்பியாக வேண்டும்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. லிஃப்ட் டிசம்பரிலிருந்து ஓடவில்லை. நாலு மாடியும் நடைதான். இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு மேலே போகிறேன். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்க நினைத்தேன். நீ கடைசியாக இதயத்தை யாரிடமாவது காட்டியது எப்போது? உனக்கு ஐம்பத்தொன்று ஆகிவிட்டது. அப்பா போனது ஐம்பத்தெட்டில். ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்துவிடேன். ஊசி கிடையாது, வலிக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே.

அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதவே இல்லை. எழுத மறந்தாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ம்" என்பாய், அப்புறம் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பாய். அதனால் எழுதியே கேட்கிறேன். ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்ய உதவுவது என்று பள்ளியில் படித்த ஞாபகம். நீளமானது, குட்டையானது என்று அதில் ஜாதி வேறு உண்டா? புரிகிற மாதிரி சொல். எங்கள் ஞாயிறு இதழுக்கு அரைப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

இன்னொன்று. அந்த நாற்பத்தொன்றாம் ஆளிடம் சொல்லியாயிற்றா? பாவம், எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

என் இதயத்தைப் பற்றிக் கேட்டாய். எனக்கு அது கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒருத்தி உண்டே, அவளிடம் கேள். எக்கோ செலவு மிச்சம். போன வாரம் செய்திக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். நூற்றுப்பத்துப் படி. மேலே போய் சிகரெட் தேடினேன், அவ்வளவுதான்.

இங்கே கிளை அலுவலகத்தில் இப்போது நான் ஒருவன்தான். போட்டோ எடுப்பவரையும் அனுப்பிவிட்டார்கள். காலையில் கதவைத் திறக்கும்போது "வணக்கம்" என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கீழே பேக்கரிக்காரர் காதில் விழுந்துவிட்டது. "யார் சார் உள்ள?" என்றார்.

நலமாக இரு. இந்த முறை எழுது, நலம் என்று.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். போன முறை எழுதாததற்குக் காரணம் தேடாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். மரபணுவில் இருப்பதைச் செல் படியெடுக்கிறது. அந்தப் படிதான் ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துப் புரதம் செய்கிறது. பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தெரிந்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் செல் எடுக்கிற படிகளில் நிறைய புரதமே ஆவதில்லை. அவற்றில் இருநூறு எழுத்துக்கு மேல் நீண்டவற்றைத் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் குப்பை என்றார்கள். இப்போது பார்த்தால், எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் இவற்றில் சிலவற்றுக்குக் கை இருக்கிறது. சில, புற்றுநோயில் ஏறுகின்றன. சில, இதய நோயில். ஏறுவதால் நோயா, நோய் வந்ததால் ஏறுகிறதா என்பது பெரும்பாலும் இன்னும் தெரியாது. எங்களுடைய ஆர்.என்.ஏ. விஷயத்திலும் தெரியாது. இதையும் சேர்த்து எழுதுவதானால் உன் அரைப் பக்கத்தை நிரப்பு. இதை விட்டுவிட்டு எழுதாதே.

நாற்பத்தொன்றாம் ஆளிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ரத்தம் கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய தாளில், தனி ஆளின் முடிவு யாருக்கும் தெரிவிக்கப்படாது என்று இருக்கிறது. பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் பேராசிரியரின் இரும்பு அலமாரியில். விதி சரியானதுதான். நூற்றிருபது பேரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனிடம் போய் உனக்கு நோய் என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எக்கோ எடுத்தாயா? தொட்டி மேல் ஏறியது எக்கோ ஆகாது. அப்பாவும் ஒரு வருஷம் "வாயுடி, வேற ஒன்னுமில்ல" என்று சொல்லியே ஓட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி, "பெரியவரே, இறங்குங்க" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு எக்கோ. எனக்காக.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் தாமதமானதற்குக் காரணம், உன் இரண்டு கடிதங்களையும் மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிறு இதழுக்கு ஒன்றும் எழுதவில்லை. உன் செல்லைப் பற்றிப் படித்தபோது எங்கள் தலைமை அலுவலகத்தில் ஒருவர் நினைவுக்கு வந்தார். இருபது வருஷமாக ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் எது முதல் பக்கம், எது குப்பைக்கூடை என்று அவர்தான் சொல்வார். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் பேப்பரே கோணலாக வரும். சரி, அது இருக்கட்டும்.

முப்பது வருஷமாக அதிகாரிகளிடம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன் நான். டியூபைப் பற்றிக் கேட்டால் நீ விதியைச் சொல்கிறாய். விதியைச் சொன்ன கையோடு எக்கோ எடுத்தாயா என்கிறாய். முதல் கடிதத்திலும் டியூப், கொஞ்சம் லிஃப்ட், உடனே என் இதயம். ஒரு அதிகாரி இப்படிப் பேசினால் நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

நாலு வருஷம் முன்பு மூன்று நாள் உன்னோடு வந்து தங்கினேன். "ஒன்னுமில்லாத ஆளு அறுபது பேர் வேணும்டா, உன்னைவிடப் பொருத்தமான ஆளு யாரு?" என்று ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். கையை நீட்டினேன். ரத்தம் எடுத்து முடித்த ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றிக் கீழே சரிந்தேன்.

உன்னை விதியை மீறச் சொல்லவில்லை. ஆம் என்றும் எழுதாதே, இல்லை என்றும் எழுதாதே. நாற்பத்தொன்று நான் இல்லையென்றால் அடுத்த கடிதத்தில் என்னை வாய் வலிக்கத் திட்டு. "பெரிய துப்பறியும் சிங்கம்" என்று ஆரம்பி. நானாக இருந்தால் வேறு எதையாவது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இரு.

ஃப்ரீசரின் கதவு ரப்பர் போய்விட்டது. அதை மாற்றும் வரை எல்லா டியூப்களையும் உலர் பனிக்கட்டியில் வைத்து, பக்கத்து அறை ஃப்ரீசருக்கு மாற்றினோம். இரண்டு மணி நேர வேலை. விரல் நுனி இன்னும் மரத்திருக்கிறது.

லிஃப்டைப் பார்க்க ஆள் வந்தார். மூடியைத் திறந்து டார்ச் அடித்து, "இதுக்கு வயசாயிடுச்சு மேடம்" என்றார். எனக்குச் சொன்ன மாதிரியே இருந்தது.

ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். பழையது சாயங்காலம் ஆனால் காலைப் பிடிக்கிறது. தலைக்கு இன்னொரு தலையணை சேர்த்திருக்கிறேன், சாய்ந்து படுத்தால் தூக்கம் வருகிறது.

நாலு நாளாக வானம் மூடியே கிடக்கிறது. துணி காயவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தி: என் இதயத்துக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அறையில் இருக்கிற ரத்தத்தில் அறுபத்திரண்டு சதவீதத்தை வெளியே தள்ளுகிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் போதுமாம். ஆதாரம்: இந்த ஊர் இதய மருத்துவர். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஈ.சி.ஜி.யும் ஒழுங்கு. "யார் சார் உங்களைப் பயமுறுத்தினது?" என்றார். "தெரிஞ்சவங்க" என்றேன்.

நீ என்னைத் திட்டாத அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எக்கோ எடுத்த நாள் வரை பதினேழு நாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை, நகராட்சிக் கூட்டத்துக்குப் போய்ச் செய்தி அனுப்பினேன். இரண்டாம் நாளிலிருந்து துடிப்பை எண்ண ஆரம்பித்தேன். பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது எண்ணுவேன். அதிகாரி பேட்டி கொடுக்கும்போது எண்ணுவேன், அவர் சொன்னதில் பாதி போய்விடும். நான் போய்விட்டால் இந்த அறையை யார் காலி செய்வார்கள் என்று யோசித்தேன். வீட்டுக்காரர்தான். அவருக்கு என் பெயரே சரியாகத் தெரியாது, "பேப்பர்காரர்" என்றுதான் கூப்பிடுவார். இப்போது எல்லாம் முடிந்தது, சிரிக்கலாம். ஆனால் உடனே சிரிப்பு வரவில்லை.

இப்போது என் கேள்வி. இயந்திரம் மூன்று முறை ஒரே எண்ணைச் சொன்னது என்றாய். என் இதயம் சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்த ஆர்.என்.ஏ. ஏறியிருப்பதற்கு அர்த்தமே இல்லையா? அல்லது அது என் ரத்தமே இல்லையா?

அன்றைக்கு நடந்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. எனக்கு நீ ஊசி போட்டாய். உனக்கு உன் அடுத்த மேஜைக்காரி போட்டாள், "அக்காவும் தம்பியும் ஜோடியா கொடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தாள். இரண்டு டியூபும் ஒரே தாங்கியில் நின்றன. நான் கீழே கிடந்தேன். நீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாய். கண்ணைத் திறந்தபோது நீ மேஜையில் குனிந்து ஏதோ எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாய்.

உனக்குக் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லையே? நலமா?

தம்பி

*

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அறுபத்திரண்டு. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதினேழு நாளுக்காக என்னை மன்னித்துவிடு. ஜனவரியிலிருந்து நானும் உன் துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ கிடந்து பார்த்தது சரி. லேபிளை முதலில் ஒட்டு, ஊசியை அப்புறம் எடு. முப்பத்தோரு வருஷமாக எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி, எனக்குப் பட்டப் பெயரே "லேபிள் அம்மா"தான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஊசிக்கு அப்புறம் எழுதினேன், நீ விழுந்துவிட்டதால். நாற்பத்தொன்றை உன் டியூபிலும் நாற்பத்திரண்டை என்னுடையதிலும் ஒட்டியதாக ஞாபகம். ஞாபகத்தை நீ ஆதாரமாக ஏற்க மாட்டாய். நானும் ஏற்கக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதுவும் ஒரு நீளமான ஆர்.என்.ஏ.தான். பெண்களின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அளவு கூடிப்போகும். அதனால் ஒன்றை ஓய்வில் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு ஆர்.என்.ஏ. புரதம் எதுவும் செய்யாது. அந்தக் குரோமோசோமை முழுக்கப் போர்த்திக்கொண்டு பேசாமல் வைத்திருக்கும். ஆணின் ரத்தத்தில் அது இருக்காது, இருந்தாலும் கணக்கில் வராது. ஒரு டியூப் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சந்தேகம் வந்தால் அதைத் தேடினால் போதும். ஆரம்பத்திலேயே எல்லா டியூப்களுக்கும் இதைச் செய்திருக்க வேண்டும். லேபிள் அம்மாவின் கை பட்டது என்று யாரும் செய்யவில்லை.

திங்கட்கிழமை ஓட்டிப் பார்க்கிறேன். காலையில் போட்டால் மதியம் தெரிந்துவிடும்.

சளி இல்லை. நலம்.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இதை விசாரிப்பதற்காகவே எழுதுகிறேன், வேறு செய்தி இல்லை.

நீ சொன்ன திங்கட்கிழமை போய், அதற்கு மேல் மூன்று திங்கட்கிழமையும் போயிற்று. இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்து, "ஆமா, நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாய். ஐந்தாறு சொல்தான். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினாய். படி ஏறிக்கொண்டிருந்தாயா என்று கேட்டேன். "உக்காந்துதான் இருக்கேன்" என்றாய்.

மதியம் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய்.

பதில் போடு.

தம்பி

*

மே 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

லேபிள் விஷயம் முடிந்துவிட்டது. பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். ஊசிக்கு அப்புறம் லேபிள் எழுதினேன் என்று எழுத்தில் கொடுத்தேன். இரண்டு டியூப்களையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒரு பக்கம் ஐம்பத்தெட்டு, மறு பக்கம் அறுபது. முடிவு மாறவில்லை. மற்ற எல்லா டியூப்களையும் ஆணா பெண்ணா என்று சரிபார்த்தோம், வேறு பிழை இல்லை. கட்டுரையைத் தாமதமாக அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் இல்லை என்பது இப்போது இரண்டு வழியிலும் உறுதி. இனிமேல் துடிப்பை எண்ணாதே.

பேராசிரியர் கோபப்படவில்லை. நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே புதுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். நாலாவது மாடி வரைக்கும் நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

எங்கள் மாடியில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி சத்தம் என் அறைக்குக் கேட்கிறது. குறைக்கச் சொல்லலாம். சொல்லவில்லை. இருக்கட்டும் என்று இருக்கிறது.

சாப்பாட்டை விடாதே. சிகரெட்டை விடு.

அக்கா

*

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியதை இந்த முறை நான் ஏற்கவில்லை.

உன் கடிதத்தில் முக்கியமான செய்தியை விட்டுவிட்டாய். என் டியூபில் ஒன்றும் இல்லை என்று எழுதினாய். உன்னுடையதில் என்ன என்று எழுதவில்லை. அன்றைக்கு ரத்தம் கொடுத்தது நாம் இருவர்தான். எனக்கு "இரண்டு வழியிலும் உறுதி" என்றால், நாற்பத்தொன்றில் அந்தப் போர்த்துகிற ஆர்.என்.ஏ. இருந்திருக்கிறது. அது உன் ரத்தம். ஏப்ரல் இருபதாம் தேதி மதியத்திலிருந்து உனக்குத் தெரியும். எனக்கு ஜனவரியிலிருந்து திரும்பத் திரும்ப எக்கோ, எக்கோ என்று எழுதியவள், உனக்கு என்று வந்ததும் லிஃப்டைப் பற்றி எழுதுகிறாய்.

பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். ஜனவரியில் இரண்டாவது மாடி ஜன்னலில் நின்றாய். மார்ச்சில் ஷூ பெரிதாயிற்று, தலையணை இரண்டாயிற்று. மே மாதம் உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கியது. எல்லாம் என் கையிலேயே இருந்திருக்கிறது. என்னைப் பற்றிய வரி எங்கே என்று தேடித் தேடிப் படித்ததில் உன்னைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போய்விட்டேன். முப்பது வருஷ அனுபவம் என்று மார் தட்டிக்கொண்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேராசிரியர் கேட்ட அந்த ஒரு கேள்வி எது என்று எனக்குத் தெரியும். நீ சொன்ன பதில் பொய் என்றும் தெரியும்.

எனக்கு நீ எழுதினதையே திருப்பி எழுதுகிறேன். ஊசி கிடையாது, வலிக்காது. எனக்காக.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பயத்தில் வருகிற கோபம். உனக்குத் தெரியும்.

தம்பி

*

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

இந்த முறை நலம் என்று எழுதவில்லை. நீ நலமாக இருப்பது எனக்கு இப்போது ரொம்ப வேண்டியிருக்கிறது.

உறுதியான செய்தி: முப்பத்துநாலு சதவீதம். இடது கீழறை விரிந்திருக்கிறது. ஆதாரம்: பத்தொன்பதாம் தேதி எடுத்த எக்கோ. மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை, நானாகத்தான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். மாத்திரை மூன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மருந்தில் இந்தச் சதவீதம் நன்றாக ஏறுகிறவர்களும் உண்டு, ஏறாதவர்களும் உண்டு என்றார். அதை என்னிடம் அவர் சொல்ல வேண்டியதே இல்லை. அறுபது நோயாளிகளின் எண்களையும் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அதில் எத்தனை எண்களுக்கு அடுத்த வருஷ எண் கிடையாது என்று தெரியும். ஏப்ரலிலிருந்து நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். பேராசிரியர் "எக்கோ எடுத்தாச்சா?" என்றுதான் கேட்டார். "எடுத்தாச்சு" என்றேன்.

உண்மையைச் சொன்ன பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாலு வருஷம் முன்பு எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நாலு மாடியும் பையோடு ஓடி ஏறுவேன். ரத்தம் அப்போதே ஏறியிருந்தது. அப்படியானால் நோய் வெளியே தெரிவதற்கு முன்னாலேயே இது ஏறுகிறதா என்று அவருக்கு ஆர்வம். ஒரு டியூப் எதையும் நிரூபிக்காது என்று நான்தான் சொன்னேன். அப்போதே என் இதயம் தளர்ந்திருந்து நான் அறியாமல் இருந்திருக்கலாம், அன்றைக்கு யாரும் எக்கோ எடுக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான்மா" என்று உட்கார்ந்தார். மறுபடி ரத்தம் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை நோயாளிகள் வரிசையில். லேபிளை நான் எழுதவில்லை.

உன் மேல் கோபமில்லை. நீ தாண்டிப் போன வரிகளை நானும்தான் தாண்டிப் போனேன், என் கையாலேயே எழுதிவிட்டு.

அடுத்து ஆஞ்சியோகிராம். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, தசையே தளர்ந்ததா என்று அதில் தெரியும். அதற்குப் பதிவு செய்யப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தந்தாள். "உடன் வருபவர்னு இருக்கே, அதை நிரப்பலையே?"

"யாரும் வரலம்மா."

"சும்மா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது மேடம். பக்கத்து வீட்டுக்காரங்க பேராவது போடுங்க."

மாடி வீட்டுக்காரர்களின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் பார்க்கிற தொடரின் பெயர்தான் தெரியும். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ் போயிற்று. நாலாவதில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போய் அந்த இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் எழுதினேன்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் என் குரலைக் கேட்டுவிட்டு அந்த நிமிஷமே வருகிறேன் என்பாய். உனக்கு அங்கே ஒற்றை ஆள் அலுவலகம். நீ கதவைச் சாத்தினால் அந்த ஊருக்குச் செய்தியே கிடையாது, அது எனக்குத் தெரியும். எழுதிக் கேட்டால் நீ உட்கார்ந்து யோசிப்பாய். யோசித்துவிட்டு வருவதானால் வா. வர முடியாவிட்டால் நான் கோபிக்க மாட்டேன், வேறு பெயர் எழுதிக்கொள்கிறேன். பக்கத்து மேஜைக்காரி வருவாள், கேட்டால்.

உன் வழக்கப்படி நிலுவையில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டுரை பற்றிய பதில் செப்டம்பரில். எனக்கு மறு எக்கோ மூன்று மாதம் கழித்து. ஆஞ்சியோகிராம் ஜூலை 9, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு. முடிவை அன்று மாலை நாலு மணிக்குச் சொல்வார்கள். உடன் வருபவர் எட்டு மணிக்கே கவுன்ட்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா